ராக்காயி பதித்த கை

ராக்காயி எனக்கு மதினி, அண்ணன் பெண்டாட்டி. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று எதையும் விட்டுவிடுகிற ஆள் இல்லை. விராலிமலைச் சந்தையில் தேன் விற்பாள். தன் தேனில் வெல்லப்பாகு கலந்திருக்கிறது என்று என்றைக்கோ சொன்ன கடைக்காரனோடு இன்றுவரை பேச்சு கிடையாது. அப்படிப்பட்டவளைத்தான் ரெங்கராஜ் ஆட வைத்தார்.

ரெங்கராஜ், சாதிச் சான்றிதழுக்கு விசாரணை செய்யும் அதிகாரி. பழங்குடிப் பட்டியலில் எங்கள் இனத்தின் பெயர் இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த இனம் நாங்கள்தான் என்று ஒப்புக்கொள்ளத்தான் எந்த மேசைக்கும் மனம் வராது. மதினி மகள் சுடர்விழி பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சிங்குக்குக் காத்திருந்தாள். சான்றிதழ் இல்லையென்றால் சீட்டு இல்லை.

"பழங்குடின்னா சாமியாட்டம் தெரியணுமே. எங்க, ஆடிக் காட்டு பாப்போம்" என்றார் ரெங்கராஜ்.

அலுவலக வராந்தாவில், பெற்ற மகள் பார்க்க, மதினி ஆடினாள். ஆட்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். மூச்சு வாங்க நின்றவளிடம், "கால்ல செருப்பு, கையில போனு. நீயெல்லாம் என்ன பழங்குடி? நல்லா நடிக்கிற" என்று மனுவைத் தள்ளிவிட்டார். சுடர்விழி திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். நான் அந்த ஆள் நாசமாய்ப் போக மண்ணை வாரித் தூற்றினேன். மதினியோ மறுநாளே தேனை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் ஊர்ப் பாறைக் குடைவில் சிவப்பு ஓவியங்கள் உண்டு. மான், வில் பிடித்த ஆட்கள், ஓரமெல்லாம் கைகள். மான்களை வரைந்தது யாரோ தெரியாது. கைகளில் பாதி எங்களுடையவை. பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் காவிக்கல்லை அரைத்து அவள் கையைப் பாறையில் பதிப்போம். அரசாங்கம் பாறையைச் சுற்றி வேலி போட்ட பிறகு நிறுத்திவிட்டோம். அந்தப் பாறையைப் பாதுகாக்கிற குழுவுக்கும் ரெங்கராஜ்தான் தலைவராம்!

அடுத்த சித்திரையில் அவர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து, "ஆதிகுடிகளோட கைங்க இது" என்று உருகிக்கொண்டிருந்தார். மதினி வேலியைத் தாண்டினாள். அரைத்த காவியில் கையை முக்கி, ஓவியம் இல்லாத இடமாகப் பார்த்து ஓங்கி அறைந்தாள்.

"ஏய்! என்ன காரியம் பண்ற?"

"எங்க ஆத்தா கை இந்தா இருக்கு. அவுக ஆத்தா கை அங்கிட்டு இருக்கு. முடிஞ்சதப் பண்ணிக்கங்க."

விருந்தாளிகள் முன்னால் பட்ட அவமானம் அவர் தலைக்கேறியது. அன்றே போலீஸுக்கு எழுதிக்கொடுத்தார். எங்கள் இனத்தின் பெயரைப் போட்டு, 'இவர்கள் சடங்கு என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாக இப்பாறையில் கை பதித்து வருகிறார்கள்' என்று எழுதியிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும். மதினி அந்தப் புகாரின் நகலை வாங்கி, சான்றிதழ் கேட்டு மேல்முறையீடு போட்டு அதோடு சேர்த்துவிட்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் ரெங்கராஜ் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். "புகார வாபஸ் வாங்கிக்கிறேங்க. சான்றிதழுக்கும் எழுதித் தாரேன். அப்பீல மட்டும் விட்டுருங்கம்மா."

"ஒத்துக்கங்க மதினி, காலேஜுல சீட்டு முடியப் போகுது" என்று நான் கெஞ்சினேன்.

"சும்மா இரு நாகராசு. ஊரே பாக்க நடிக்கிறன்னு சொன்னாருல்ல? ஊரே கேக்க இல்லன்னு சொல்லட்டும். கை வச்சதுக்கு அபராதம் போட்டா நான் கட்டிக்கிறேன்."

பிள்ளையின் படிப்பை வைத்துச் சூதாடுகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. விசாரணைக்காகத் திருப்பூரிலிருந்து வந்திருந்த சுடர்விழியோ, "அம்மா சொல்றதுதான் சரி சித்தப்பா" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் விசாரணைக் கூடம் நிறைந்திருந்தது. மேலதிகாரி புகாரைப் படித்துவிட்டு ரெங்கராஜிடம் கேட்டார்: "இது பொய்ப் புகாரா? இல்ல, நீங்க மனுவத் தள்ளுனது தப்பா?"

ரெங்கராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "தள்ளுனதுதாங்க தப்பு. இவங்க பழங்குடிதான்" என்று முனகினார்.

மதினி எழுந்தாள். "அய்யா, எம் மக கடைசியில நிக்குது. அதுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லச் சொல்லுங்க."

மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். ரெங்கராஜ் திரும்பி நின்று, சுடர்விழியின் முகத்துக்கு நேராக, சத்தமாகச் சொன்னார்.