சம்பந்திக்காக நான் பார்த்த நட்சத்திரம்

எங்கள் சம்பந்தி, அதாவது என் மகளின் மாமனார், மின்சார அலுவலகத்தில் லைன்மேன். பகலெல்லாம் ஊருக்கு வெளிச்சம் கொடுப்பார். பொழுது சாய்ந்தால் கொல்லைப்புற விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டாரிடமும் போய்க் கெஞ்சுவார்.

"லைட்டு போட வேண்டியவரே அணைக்கச் சொன்னா யார்கிட்டங்க புகார் கொடுக்கிறது?" என்பார் பக்கத்து வீட்டு டெய்லர். ஆனாலும் அணைத்துவிடுவார். சம்பந்தியின் தொலைநோக்கியில் சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்த்து வாயைப் பிளந்தவர் அல்லவா.

அந்தத் தொலைநோக்கியைச் சம்பந்தியே செய்தார். பிளாஸ்டிக் குழாய், அடியில் கண்ணாடி, உட்காருவதற்குக் கேபிள் சுற்றி வந்த மர உருளை. சூரியனைச் சுற்றும் பாறை ஏதாவது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால், அந்த நட்சத்திரம் சில நொடி அணைந்து மறுபடி எரியுமாம். பல ஊர்க்காரர்கள் பார்த்துச் சொன்னால் பாறையின் அளவு தெரிந்துவிடுமாம். அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று மனிதர் வருடக்கணக்கில் தவம் கிடந்தார். ஒன்று மேகம் வரும், இல்லாவிட்டால் டூட்டி வரும்.

என் கண்புரை அறுவைக்குக் கூட வந்து, கட்டு அவிழ்க்கும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நகராதவர் அவர். அப்படி ஒரு பாறை குறுக்கே வரும் என்று சொல்லியிருந்த ராத்திரி, அவர் ஆசை நிறைவேறட்டும் என்று நானும் கொல்லையில் துணைக்கு உட்கார்ந்தேன். வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இருட்டியதும் கரண்ட் போனது.

"சம்பந்தி, உங்களுக்குன்னே போயிருக்கு!" என்றேன். சிரித்த வாயை மூடுவதற்குள் அவர் ஃபோன் அடித்தது. பின் தெரு மாடிக் கட்டடத்தில், லிஃப்டுக்குள் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம்.

"கொஞ்சம் பொறுத்துப் போனா என்ன?"

"உள்ள நிக்கிறவங்களுக்கு அது கொஞ்சமாவா இருக்கும், சம்பந்திம்மா? நீங்க பாருங்க. அணைஞ்சா 'போச்சு'ன்னு சொல்லுங்க, எரிஞ்சா 'வந்துச்சு'ன்னு சொல்லுங்க. உங்க ஃபோன் பதிஞ்சுக்கும். அதுலயே மணி அடிச்சா நேரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"எழுத்தே தெரியாதவ நான்!"

"நட்சத்திரத்துல என்ன எழுதியா இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறிவிட்டார்.

நட்சத்திரம் நகர நகரக் குழாயைத் திருப்பும் மோட்டார் பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து வலித்தது, கொசு பிடுங்கியது. கண்ணை எடுப்பேனா? மணி அடித்தது. நட்சத்திரம் குத்துக்கல் மாதிரி அங்கேயே இருந்தது.

போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் மனிதர் குளிர்ந்துபோவார். அது வாய்வரை வந்தது. நடக்காததை எப்படிச் சொல்வது?

கரண்ட் வந்த கையோடு, வேறோர் ஊரில் இதே வேலையாக உட்கார்ந்திருந்த தபால்காரர், நான்தான் பார்க்கிறேன் என்று சம்பந்தி சொல்லியிருந்ததால், என் ஃபோனில் கூப்பிட்டார்.

"இங்க நல்லா அணைஞ்சுதும்மா. அங்க எத்தனை செகண்ட்?"

"அணையவே இல்லை."

"நீங்க கண்ணைச் சிமிட்டியிருப்பீங்க."

"தம்பி, என் கண்ணு என்ன செஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதா? போகலைன்னா போகலைதான்!"

சம்பந்தி கையெல்லாம் கிரீஸோடு திரும்பி வந்தார். லிஃப்டில் இருந்தவர்கள் பத்திரம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன்.

"விடாம பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்போ போகலை." இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. அப்படியே எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரிவித்தார்.

பிறகுதான் எனக்கு விளங்க வைத்தார். பாறையின் நிழல் தபால்காரர் ஊரைத் தொட்டிருக்கிறது, எங்கள் கொல்லைக்கு வரவில்லை. அந்தப் பாறை எங்கே முடிகிறது என்பதை நான் சொன்ன 'இல்லை'தான் காட்டிக்கொடுத்ததாம். "உங்களுக்குப் பதிலா நான் இருந்திருந்தா, ஆசையில அணைஞ்ச மாதிரியே தெரிஞ்சிருக்கும்" என்று சிரித்தார்.

அவர் இன்னும் நட்சத்திரம் அணைவதைப் பார்க்கவில்லை. மனிதருக்கு அதில் வருத்தம் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் ஊர் ஊராகப் படித்தவர்கள் கூடிச் செய்கிற கணக்கில் என் வாய்ச்சொல்லை, ஒரு எழுத்து மாற்றாமல், தன் சொல்லாகக் கொடுத்தாரே. அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? சொன்னால், "போங்க சம்பந்திம்மா" என்பார். அதனால்தான் அவர் டூட்டிக்குப் போன நேரம் பார்த்து என் மகளை உட்கார வைத்து இதை எழுதச் சொல்கிறேன்.