அக்காவின் கல்லறையில் ஏன் கல் இல்லை

அன்புள்ள உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நேரம், அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்திருப்பீர்கள். அப்பாவின் கருங்கல்லுக்குப் பக்கத்தில் வெறும் மண்மேட்டைப் பார்த்திருப்பீர்கள். கல்லைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளைக்கு ஒரு கல் வைக்கக் கூடாதா என்று சிலர் அம்மாவிடமே கேட்டுவிட்டார்கள். ஒரு பெரியப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "கையில இல்லன்னா சொல்லுப்பா, நாங்க பாத்துக்குறோம்" என்றார். அவருக்கு நல்ல மனசு. ஆனால் காரணம் அதுவல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. எனக்குப் பொறுமை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருவாரூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் கடைமடைக் கிராமத்தில். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நட்டு, அறுத்து, பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து இரண்டு மா நிலம் வாங்கியவர்கள். எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் மண்தான். நாயை விரட்டக்கூடக் கல் கிடைக்காது, மண்கட்டியைத்தான் எடுத்து வீச வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கல்லின் மேல் எப்படிப் பித்துப் பிடித்தது என்று கேட்டால், அதற்கு ரயில்வேதான் பொறுப்பு.

பள்ளிக்கூடத்துக்குத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டியிருந்த ஜல்லிதான் அக்கா முதலில் பார்த்த கல். உடைந்த பக்கத்தை வெயிலில் திருப்பினால் உள்ளே ஏதோ மினுங்கும். தினமும் ஒன்று பையில் வந்துவிடும். அப்பா ஒருநாள் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நடுங்கிப் போனார்.

"ஏம்மா, நாளைக்கு ரயிலு கவுந்துச்சுன்னா ஒன்னத்தாம்மா புடிப்பாங்க. போயி எடுத்த எடத்துலயே போட்டுட்டு வா."

அக்கா கொண்டுபோய்ப் போட்டார், ஒன்றைத் தவிர. அந்த ஒரு கல் கடைசி வரை அவர் மேசையில் இருந்தது.

பட்டப்படிப்பில் புவியியல் என்று எல்லோரும் நினைத்தோம், அக்கா எடுத்தது கல்லையும் பாறையையும் படிக்கிற நிலவியல். அப்புறம் முதுகலை, ஆராய்ச்சி என்று வெளியூரிலேயே ஆண்டுகள் போயின. பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் குழம்பு ஆறும்போது அதற்குள் படிகங்கள் எப்படி வளர்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எனக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இது: சர்க்கரைப்பாகு சட்டென்று ஆறினால் குருணை குருணையாக உறைகிறது, மெதுவாக ஆறினால் பெரிய கற்கண்டாகிறது. கல்லும் அப்படித்தான். ஒரு படிகத்தை மயிரைவிட மெல்லிசாகச் சீவிப் பார்த்தால், அது வளர்ந்த கதை வளையம் வளையமாகத் தெரியுமாம்.

அப்படி உருவான கல் மேலே வந்து வெயிலிலும் மழையிலும் எப்படிச் சிதைகிறது என்பதையும் பின்னாளில் ஆராய்ந்தார். ஊருக்கு வந்தால் நம் வயல் மண்ணை விரலில் தேய்த்துப் பார்ப்பார். "இது பூரா கல்லுதான் தம்பி. மேக்கால மலையில இருந்தது கரைஞ்சு களிமண்ணாகி ஆத்தோட வந்துருக்கு. இந்த வெள்ள மணல் மட்டுந்தான் எதுக்கும் கரையாது, அப்படியே கெடக்கும்." இப்போது வரப்பில் உட்காரும்போதெல்லாம் இந்தப் பேச்சு நினைவுக்கு வருகிறது. நினைக்காமல் இருக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

அப்பா இறந்தபோது அக்கா ஆராய்ச்சி மாணவி. கல்லறைத் தோட்டத்தில் நம்மவர்களுக்கு என்று ஒதுக்கிய கீழண்டைப் பக்கத்தில் அதுவரை மரச்சிலுவைகள்தான் இருந்தன. கல் எல்லாம் மேலண்டைப் பக்கத்தில். இது உங்களில் பலருக்குத் தெரியும், சிலருக்குப் படிக்கக் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். தம் உதவித்தொகையில் அப்பாவுக்குப் பெயர் வெட்டிய கருங்கல்லை அக்கா வைத்தார். நம் பக்கத்தில் எழுந்த முதல் கல் அதுதான். அன்று அம்மா அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்லை.

ஆராய்ச்சிக்குக் கல்லைச் சும்மா பார்த்தால் போதாது. உடைக்க வேண்டும், அறுக்க வேண்டும், மாவாக அரைக்க வேண்டும். அக்கா பின்னாளில் பாடம் நடத்தி ஆராய்ச்சி செய்த கல்லூரியில் கல் அரைக்கும் அறை சின்னது. தூசியை இழுக்கும் விசிறி ஓடாமல் நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பிறகு துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். மாணவர்களை மட்டும் உள்ளே விட மாட்டாராம். அவர்களுடைய கற்களையும் தாமே அரைத்துக் கொடுத்திருக்கிறார். இதை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை, இறுதிச் சடங்குக்கு வந்த மாணவர்கள் சொல்லித்தான் தெரியும்.

இருமல் வந்தது. முதலில் காசநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை தின்றும் குறையவில்லை. வேறொரு மருத்துவர்தான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நுரையீரலில் கல் தூசி படிந்து இறுகிவிட்டது, எடுக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் சொல்லலையா தம்பி, அது மட்டும் கரையாதுன்னு." எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

கடைசி ஆறேழு மாதம் ஊரில்தான் இருந்தார். ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனால் அம்மாவின் முகமும் செத்துவிடும். சம்பா அறுவடை தொடங்கியதும் வைக்கோல் தூசிக்குப் பயந்து சன்னல்களில் ஈரத்துணி கட்டினோம். அப்படி ஒரு மத்தியானம், அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்.

"அம்மா, எனக்குக் கல்லு வைக்காதீங்க."

"என்ன பேச்சு பேசுற? ஒங்கப்பாவுக்கு நீதான வச்ச?"

"அப்ப எனக்குத் தெரியாதும்மா. ஆஸ்பத்திரியில எம்பக்கத்துல ஒக்காந்திருந்தவங்க எல்லாரும் கல்லு வெட்டுற ஆளுங்க. எனக்காவது கல்லுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குற ஆச இருந்துச்சு, தூசிய இழுத்தேன். எம்பேர வெட்டுறவங்க எதுக்கும்மா இழுக்கணும்?"

அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மாசியில், அறுவடை முடிவதற்குள் அக்கா போய்விட்டார். மூச்சுக்காக அவர் பட்ட பாட்டை இங்கே எழுத மாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு வேண்டாம்.

ஐப்பசி மழையில் மேடு கரைந்து தரைமட்டமாகிவிட்டது. கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி வைக்க இடம் தெரியாமல் அம்மா தடவித் தேடினார். "அது நோவுல சொன்னதுடா. எம்புள்ள எங்க கெடக்குதுன்னே தெரியாம போகணுமா?" என்று அன்றே முடிவு செய்துவிட்டார். நான் மறுத்துப் பேசினேன், எடுபடவில்லை. மாமா மூலம் தஞ்சாவூர்ச் சாலையில் உள்ள ஒரு பட்டறையில் கல்லுக்குச் சொல்லியாயிற்று. பெயரைத் தப்பாக வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில், வெட்டுகிற அன்று அம்மாவே என்னோடு கிளம்பினார்.

நாங்கள் போனபோது சிலுவை வெட்டி முடித்து, பெயருக்குக் கோடு போட்டிருந்தது. வெட்டுகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். புருவம் வரை வெள்ளையாகத் தூசி. எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தி, முகத்துத் துண்டை இறக்கி, வாங்க என்று சொல்ல வாயெடுத்தவருக்கு இருமல் வந்துவிட்டது. கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். அந்த இருமலைப் பற்றி அம்மாவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"தண்ணி ஊத்தி வெட்டக் கூடாதாப்பா?"

"தண்ணி ஊத்துனா சேறாயிடும்மா, போட்ட கோடு தெரியாது."

"இருமலுக்குப் பாத்தீங்களா?"

"டிபின்னு மாத்திரை குடுத்தாங்க. தின்னுக்கிட்டுதான் இருக்கேன், கேக்க மாட்டேங்குது."

அம்மா அப்படியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெசின கீழ வைங்க தம்பி. பேரு வேணாம். எம்மக அப்பவே சொல்லிட்டா, நாந்தான் கேக்கல" என்றார். மறுவாரம் அக்காவைப் பார்த்த மருத்துவரிடமே கல் வெட்டுகிற அவரை அழைத்துப் போனோம். படத்தைப் பார்த்ததும் மருத்துவர் சொல்லும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கல் வெட்டுகிறவருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

அந்தக் கல் பெயரில்லாமல் பட்டறையிலேயே நிற்கிறது. அம்மா நம் வயலிலிருந்து கூடையில் மண் எடுத்துப் போய் மேட்டை உயர்த்துகிறார். மழை பெய்தால் இறங்கும், மறுபடி போடுகிறார்.

அக்காவின் மருந்துக்கும் மூச்சுக்கும் துணை நின்ற மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குத் தந்தைக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த மாணவர்களுக்கும், அக்கா மூச்சுவிடட்டும் என்று அறுவடை இயந்திரத்தை ஒரு வாரம் தள்ளி வரச் சொன்ன பக்கத்து வயல்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. கேட்டதும் இயந்திரத்தைக் கீழே வைத்த அந்தத் தொழிலாளிக்காக உங்கள் செபங்களில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடக்கத்தன்று நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டீர்கள். அதோடு முடிந்தது என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம். முடியவில்லை. வருகிற கல்லறைத் திருநாளுக்கு வருகிறவர்கள் பூமாலை வாங்க வேண்டாம். அவரவர் வயலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு வாருங்கள். அம்மாவால் கூடை தூக்க முடியவில்லை.