ஞானசிகாமணியின் மூடிய கலயங்கள்

ஞானசிகாமணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு இன்றும் வாய் வராது. ஆனாலும் அவனைப் பற்றிச் சொல்ல என்னைவிட ஆள் கிடையாது. காரோடு ஊரில் பக்கத்துப் பக்கத்துப் பனந்தோப்பு விளைகளில் பனையேறினோம். நான் பத்துப் பனை ஏறும் நேரத்தில் அவன் எட்டுத்தான் ஏறுவான். ஜனமோ அவனிடம்தான் அக்கானி, அதாவது பதநீர், குடிக்கப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலொடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபின், அவன் பனையில் தொங்கும் கலயங்களையெல்லாம் பாளையோடு சேர்த்து ஓலைப்பாய்த் துண்டால் மூடிக் கட்டினான்.

"என்ன லே, கலயத்துக்குச் சட்டை தைச்சியா?" என்றேன்.

"வாவலு நக்கப்பிடாதுல்லா எலியா. அதுக்க எச்சில்ல வைரஸ்னு ஒரு கிருமி இருக்கலாமாம், மனுசனுக்குத் தொத்தலாமாம். நிச்சயம் இல்லைன்னுதான் டாக்டரு சொன்னாரு. எதுக்கு வம்பு?"

வவ்வாலுக்குப் பயந்தா இந்தக் கட்டு என்று நான் சிரித்தேன். சுத்தக்காரன் என்று ஊர் அவன் பக்கம் இன்னும் சாய்ந்தது.

ஐம்பத்துநாலில், அப்போது மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் பாறசாலைக்கு ஊர்வலம். வருகிறவர்களுக்கு அக்கானி கொடுக்க, ஊர்வலக் கமிட்டிக்காரர் சத்தியதாஸ் அவனைத்தான் கேட்டார். என் கலயங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு எரிந்தது. முந்தின நாள் அந்தியில், அவன் பனையிறங்கி வீட்டுக்குப் போனதும், அவனுடைய மூன்று பனைகளில் ஏறிக் கலயம் மூடிய பாயை அவிழ்த்துவிட்டேன். வவ்வால் குடித்துக் குறையட்டும், கூட்டத்தின் முன் அவன் கைவிரிக்கட்டும் என்பதுதான் எண்ணம்.

விடியுமுன் திரும்பக் கட்டப் போனேன். அக்கானி அப்படியொன்றும் குறைந்திருக்கவில்லை. கலயத்தின் விளிம்பில் மட்டும் வவ்வால் எச்சம். துடைத்துவிட்டுக் கட்டினேன்.

ஊர்வலம் வந்தது. ஞானசிகாமணி எல்லாக் கலயத்து அக்கானியையும் சேர்த்து ஊற்றிய பெரிய பானையிலிருந்து பனையோலைப் பட்டையில் ஊற்றி நீட்டினான். முதல் ஆளாகக் கை நீட்டியவள் என் மனைவி ராஜபாய், வயிற்றுப்பிள்ளைக்காரி. இவளும் அவனிடம்தானா! அந்த எரிச்சலுக்குப் பிறகுதான் பயம் வந்தது. டாக்டர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? பட்டை அவள் உதட்டருகே போயிற்று. பாய்ந்து அதைத் தட்டிவிட்டு, பானையையும் உதைத்து உடைத்தேன்.

சத்தியதாஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பொறாமை பிடிச்சவனே! தாகத்தோட வந்த ஜனத்துக்க வாயில மண்ணப் போட்டியே!"

ராஜபாய் தலைகுனிந்து நின்றாள். ஞானசிகாமணி மட்டும் திட்டவில்லை. "மக்கா, அதுல என்ன கண்டே?" என்று மெதுவாகக் கேட்டான். காரணமில்லாமல் நான் செய்திருக்க மாட்டேன் என்று நம்பிக் கேட்டான். அந்தக் குணமும் எனக்கு இல்லையே என்றுதான் அப்போதும் எரிந்தது.

"ஒண்ணும் காணல்ல. பொறாமையாக்கும்," என்றேன். கலயங்களைத் திறந்துவிட்டதைச் சொல்வதைவிட அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.