முட்டிவலி மாத்திரையும் அந்தோணியம்மா ஒத்தடமும்

கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரசர் வேலையில் நோயாளியைக்கூடச் சமாளித்துவிடலாம். நம் மருந்தில் குணமானதற்கு வேறொருவர் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போவதைத்தான் தாங்க முடியாது. மருந்து கொடுத்துப் பிழைப்பு நடத்தியவர்களே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், மலைமேல் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகம் என் பொறுப்பில் இருந்தது.

யாருக்கு நன்றி

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற முனியாண்டிக்குக் குளிரில் முட்டி வீங்கிச் சுட்டது. இருந்த கொஞ்சம் ஆஸ்பிரினில் அவனுக்கும் கொடுத்தேன். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து, நடந்தே வந்தான். எனக்கு ஒரே பெருமை. அவனோ கொழுந்து பறிக்கிற அந்தோணியம்மாவைப் பற்றியே பேசினான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவள் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பாளாம்.

"உங்க மாத்திரையும் பரவால்லய்யா. ஆனா அந்தக்கா கை பட்டாத்தான் முட்டி மடங்குது லா."

இரட்டைப் பங்கு

பொறாமை என் கண்ணை மறைத்தது. மறுபடி வீங்கியபோது, ஒத்தடத்துக்கே போகாதபடி குணமாக்குகிறேன் என்று மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். முதலில் காதுக்குள் வண்டு இரைகிறது என்றான். நாலாம் நாள் இரத்த வாந்தி எடுத்தான்.

அந்த மருந்து வீங்கிய முட்டியை மட்டும் தேடிப் போவதில்லை. இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றும். வீக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடும் பொருளை உடம்பு உண்டாக்காமல் தடுக்கும். அதே வகைப் பொருள்தான் இரைப்பையின் உள்தோலையும் காக்கிறது என்பதை வெகுகாலம் கழித்தே படித்தேன். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் அன்றே தெரியும். அரிசி கிடைக்காத நாளில் அதைக்கூட நான் விசாரிக்கவில்லை.

மாத்திரையை நிறுத்தினேன். அவன் தேற இரண்டு வாரமானது. அத்தனை நாளும் மரவள்ளிக் கஞ்சி காய்ச்சி ஊட்டியவள் அந்தோணியம்மா. என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவன் சாப்ட்டானான்னு ஒரு வார்த்த கேட்டீங்களாய்யா?"

என் முறை

மிச்சமிருந்த மருந்தையும் ஜப்பான்காரன் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தச் சமயம் பார்த்து என் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. மூன்று நாள் வீம்பாக இருந்து பார்த்துவிட்டு லயத்துக்குப் போனேன். அவள் வாசலில் ஏழு பேர், எல்லாரும் என் பழைய நோயாளிகள். அந்தோணியம்மா உப்பு வறுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க டிரசரய்யா. இங்க வரிசதான், முனியாண்டிக்குப் பின்னால உக்காருங்க."

மணிக்கட்டு இரண்டே நாளில் மடங்கியது. அது அத்தனை சீக்கிரம் குணமானதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.