கத்தி வழுக்கிய ஈயம்

எனக்குச் சந்தேகப்புத்தி கொஞ்சம் தூக்கல். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் செம்பைத் தூக்கிக் கனம் பார்ப்பேன். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கினால் அதில் அடித்திருக்கும் தேதியைப் படித்துவிட்டுத்தான் நகர்வேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. ஆனால் அறுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் இந்தக் குணத்துக்கு நல்ல மரியாதை இருந்தது. எழுத்து வார்க்கும் பிரிவுக்கு நான்தான் ஃபோர்மேன். ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த பாளங்கள் என் பொறுப்பில் இருந்தன. புதுப் பாளம் வந்தால் பேனாக்கத்தியால் ஒரு கீறல் போடுவேன். கத்தி இறங்கினால் வெறும் ஈயம், வழுக்கினால் எழுத்துக்கு ஆகிற உலோகம். அதற்கு மேல் மானேஜர் எதுவும் கேட்க மாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு பாளங்கள் காணாமல் போயின. அந்த அறைக்குள் போய்வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் வார்ப்பு இயந்திரத்தில் வேலை செய்தவர், முடிச்சூர்க்காரர், முப்பது வயதிருக்கும். நிலமெல்லாம் கைவிட்டுப் போய், இந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஆறு வருஷமாக என் கண்ணெதிரில் வேலை பார்த்தவரிடம் ஒரு குறையும் நான் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால், அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

சேலையூரில் எங்கள் தெருக்கோடியில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் தனியாக இருந்தார். யுத்த காலத்துப் பிஸ்டல் ஒன்று அவரிடம் இருந்தது. அந்தப் பழைய மாடலுக்குத் தோட்டா எங்கும் கிடைக்கவில்லை. அதனால் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கொல்லைப்புறத்தில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, தானே தோட்டா அடைப்பார். எல்லாவற்றுக்கும் முறையான அனுமதிக் காகிதம் வைத்திருந்தார். நான் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறேன்.

பாளம் காணாமல் போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை, முடிச்சூர்க்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேஜர் வீட்டு கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்தேன். ஹாண்டிலில் ஒரு பை தொங்கியது. அதன் கனத்தில் சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது.

மத்தியானம் சும்மா வந்தது மாதிரி மேஜர் வீட்டுக்குப் போனேன். செய்தித்தாளில் குண்டுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். கட்டைவிரல் நுனி அளவு, கைக்கு நல்ல கனம்.

“இவ்ளோ கனமா எதுக்கு மேஜர்?”

“லைட்டா இருந்தா என் பிஸ்டல் பாதியில சிக்கிக்கும் மிஸ்டர். கனமான குண்டு போனாத்தான் நல்லாப் பின்னால உதைச்சு, காலிக் கூட்டை வெளிய தள்ளிட்டு, அடுத்ததை எடுத்துக்கும்.”

“ஈயம் ஏது?”

“உங்க பிரஸ் ஆளுதான் கொண்டுவந்து தர்றார். தங்கமான மனுஷன்.”

எங்கள் ஆளுக்கு அது எங்கிருந்து கிடைக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்லி ஒரு குண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து, வாசலைத் தாண்டியதுமே கத்தியை எடுத்துக் கீறினேன். வழுக்கியது.

திங்கட்கிழமை முடிச்சூர்க்காரரைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“இன்னா சார் இப்டி கேட்டுட்ட? அது டயர் கடை ஈயம் சார். ஜி.எஸ்.டி. ரோட்டாண்ட என் மச்சான் கடை வச்சிக்கீறான். கார் சக்கரத்துல பேலன்ஸுக்கு மாட்டுவாங்களே, அந்தக் கட்டி. கழட்டினது அங்க கெடக்குது, வாரிகினு வந்து குட்த்தேன்.”

நான் அந்தக் கடைக்கே போனேன். சக்கரத்திலிருந்து கழற்றிய கட்டி ஒன்றை எடுத்து வந்து, மானேஜர் மேஜையில் குண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கத்தியை அவர் கையிலேயே கொடுத்தேன். கட்டியில் கத்தி இறங்கியது. குண்டில் வழுக்கியது. மானேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று சாயங்காலமே ஆளுக்குச் சீட்டுக் கிழிந்தது.

“மேஜர் ஐயாவாண்ட ஒரு தபா கேளு சார். வூட்ல புள்ளத்தாச்சி கீது சார்” என்று கேட் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார்.

“கத்தி பொய் சொல்லாது” என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து மேஜர் என்னைத் தெருவில் பிடித்து, உங்கள் ஆளை ஏன் காணோம் என்று விசாரித்தார். வேலை மாறிவிட்டார் என்று புளுகிக்கொண்டே அவருடன் கொல்லைப்பக்கம் போனேன். அடுப்பில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. மேஜர் அச்சில் ஊற்றி, தட்டித் திறந்து, சூடு ஆறாத குண்டைத் தள்ளி வைத்திருந்த வாளித் தண்ணீரில் போட்டார். சுரீர் என்றது.

நான் பதறிவிட்டேன். எங்கள் அச்சகத்தில் உருக்கும் சட்டிக்குப் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரைக்கூட வைக்க விடமாட்டேன். ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் கொதிக்கிற ஈயம் முகத்தில் தெறிக்கும்.

“என்ன மேஜர் இது, தண்ணில போடறீங்க?”

“அப்பத்தான் கெட்டியாகும். இது டயர் கடை ஈயம், ஆறவிட்டு எடுத்தா சாஃப்டாத்தான் இருக்கும். சுடச்சுடத் தண்ணில போட்டு ஒரு பத்து நாள் வச்சிருந்தா, உங்க பிரஸ் எழுத்து மாதிரி ஆயிடும். அன்னிக்கு நீங்க எடுத்துட்டுப் போனதும் முன்னாடியே வார்த்து அப்படி வச்சிருந்ததுதான்.”

யாராக இருந்தாலும் அப்போதே முடிச்சூருக்கு ஓடியிருப்பார்கள். நான் மேஜரையும் சந்தேகப்பட்டேன். நண்பனைக் காப்பாற்றப் பார்க்கிறாரோ என்று தோன்றியது. ஒரே சட்டியிலிருந்து தண்ணீரில் போட்டது ஒன்று, சும்மா ஆறியது ஒன்று, இரண்டு குண்டுகளை என் கண்ணெதிரிலேயே வார்க்கச் சொல்லி வாங்கி வந்தேன். தினம் இரண்டிலும் ஒரு கீறல் போட்டுப் பார்த்தேன். இப்படியே பத்து நாள். அந்தப் பத்து நாளும் முடிச்சூர்க்காரர் வீட்டில் உலை கொதித்ததா என்று ஒரு தடவைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள் ஒன்றில் கத்தி இறங்கியது, மற்றதில் வழுக்கியது.

இரண்டு குண்டுகளையும் எடுத்துக்கொண்டு மானேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, ஆளைக் கூப்பிட்டு வரச் சொன்னார். மறுநாள் முடிச்சூர் போனேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதை முடிச்சூர்க்காரர் நின்றபடியே கேட்டார். “வர்றேன் சார்” என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது மாதிரி இருந்தது.

அவர் வந்து சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், வீட்டுக்குக் கிளம்புமுன் என் மேஜைக்கு வந்தார். டிபன் கேரியரைத் திறந்து ஒவ்வொரு அடுக்காக எடுத்து என் முன்னால் வைத்தார். கழுவித் துடைத்த காலி அடுக்குகள்.

“என்னய்யா இது? எடுத்து வை” என்றேன்.

“பாத்துக்க சார்” என்றார். குரலில் கோபம் இல்லை.

மறுநாளும் வந்து திறந்தார். அதற்கடுத்த நாளும். எத்தனையோ தடவை வேண்டாம் என்றேன், ஒருமுறை கையைப் பிடித்துக்கொண்டே கெஞ்சினேன். கேட்கவில்லை. எழுபதுகளில் நான் ஓய்வு பெறும்வரை ஒரு நாள்கூட அவர் அதை விடவில்லை.

காணாமல் போன அந்த இரண்டு பாளங்களும் கடைசிவரை கிடைக்கவில்லை. அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். வேண்டாம் வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு நாளும் நான் அந்த அடுக்குகளுக்குள் பார்த்தேன். நான் பார்க்கிறேன் என்பது அவருக்கும் தெரியும்.