சூஸ் நகரத்தில் எந்தத் திருவிழா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் பயண முகவர் அலுவலகத்தைத் திறந்ததும் அருள் அண்ணையும் மனைவி புஷ்பம் அக்காவும் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணை சுவிஸில் வில் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுபவர். அவர்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் நான்தான் டிக்கட் போட்டுக் கொடுப்பேன்.

“தங்கச்சி, சூஸ் எண்ட இடத்துக்கு ரெண்டு டிக்கட் வேணும்.”

சூஸ், துனீசியாவில் ஒரு கடற்கரை நகரம்.

“எந்தத் திகதிக்கு அண்ணை?”

“திருவிழாவுக்கு.”

“எந்தத் திருவிழா?”

“அதை நீர்தான் பாத்துச் சொல்லோணும். வெள்ளிக்கிழமைக்கு முதல் வேலையிடத்து ஷெஃபிட்டை ஃபேரியன், அதுதான் லீவு, எழுதிக் குடுக்கோணும். இல்லாட்டி இந்த வருசம் லீவு இல்லை.”

புஷ்பம் அக்கா கைபேசியை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். அவர்களுடைய ஒரே மகள் தர்சினியின் குரல்: “அம்மா, இஞ்ச பெரிய ஃபெஸ்ட் ஒண்டு வருது. நீங்கள் ரெண்டு பேரும் கட்டாயம் வரோணும். அப்பாவை எனக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கோ, மிச்சம் அவரிட்டைச் சொல்லுறன்.”

தர்சினி தன்னோடு படித்த ஒரு துனீசியப் பையனைக் கட்டிக்கொண்டு சூஸுக்குப் போய் இரண்டு வருடம். அண்ணை கலியாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து மகளோடு ஒரு சொல் கதைத்ததும் இல்லை.

“அப்ப எடுத்துக் கேளுங்கோவன், அண்ணை.”

“வாறன் எண்டு சொல்லிப்போட்டன்தானே. பிறகென்ன கதை?”

சொன்னது எனக்கு, மகளுக்கு அல்ல. புஷ்பம் அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அக்கா கேட்டபோதும் அப்பாவிடம்தான் சொல்வேன் என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

நான் சுற்றுலாக் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். கோடையில் கடற்கரை ஊர்வலம், அதே காலத்தில் இசை நிகழ்ச்சிகள், பக்கத்து ஊரில் ஒலிவ் அறுவடை விழா. அதற்கு மேல் நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், நபி பிறந்தநாள். இந்த மூன்றும் வருடத்துக்கு வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். பிறை பார்த்த பிறகுதான் நாள் உறுதியாகும். இரண்டு இணையதளங்களில் இரண்டு திகதி போட்டிருந்தது.

தலைநகர் துனிஸில் எங்களுக்கு ஹோட்டல் எடுத்துத் தரும் பெண்ணிடம் பிரெஞ்சில் கேட்டேன், எது பெரிய விழா என்று. அவள் திருப்பிக் கேட்டாள்: பெரிது என்றால், கடற்கரையில் கூட்டம் கூடுவதா, வீட்டில் எல்லோரும் கூடுவதா?

புதன், வியாழன் இரண்டு நாளும் இதே குழப்பம். நான் ஒரு திகதி சொல்வேன், அண்ணை சரி என்பார், அரை மணித்தியாலத்தில் நானே போன் எடுத்து அது பிழை என்பேன். ஒருதரம் ஒலிவ் விழாவுக்கு இருக்கை பிடித்து, பிறகு அதை ரத்துச் செய்தேன்.

வெள்ளி காலை மறுபடியும் வந்தார்கள். அண்ணை மெதுவாகச் சொன்னார்: “பிழையான நாளிலை போய் அந்த ஆக்களின்ரை வாசலிலை நிக்க ஏலாது, தங்கச்சி. நான் ஒருக்காத்தான் போவன்.”

அப்போதுதான் விமான நிலையத்தில் இறங்கும்போது நிரப்பும் அட்டையில் தங்கும் முகவரி கேட்பார்கள் என்பது நினைவுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் முகவரி தெரியாது.

“நான் டிக்கட் போடுற ஆள் எண்டு சொல்லி எடுக்கட்டோ?”

புஷ்பம் அக்கா தன் கைபேசியிலிருந்த மகளின் நம்பரைக் காட்டினார். எடுத்தேன்.

“உங்கடை முகவரியும், எந்த ஃபெஸ்ட்டுக்கு அப்பா வாறார் எண்டும் தெரியவேணும், தங்கச்சி,” என்றேன்.

“அப்பா வாறாரோ? பக்கத்திலயோ நிக்கிறார்? அவரிட்டைக் குடுங்கோ அக்கா.”

ரிசீவரை நீட்டினேன். அண்ணை வாங்கிக் காதில் வைத்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். “எப்பவாம்?” என்று மட்டும் கேட்டார். கண்ணைத் துடைத்தார். யாரோ செத்துப் போனார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: “ஏழாம் நாளாம்.”

“எந்த மாசம் ஏழாம் நாள்?”

“பிறந்து ஏழாம் நாள்.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நாட்காட்டியைப் புரட்டினேன். புஷ்பம் அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார். “விடும் பிள்ளை. அவளுக்குக் குழந்தை கிடைக்கப் போகுது.”

அந்த ஊரில் குழந்தை பிறந்து ஏழாம் நாள் பெயர் வைத்து வீட்டில் விருந்து வைப்பார்களாம். சுவிஸில் வளர்ந்த தர்சினிக்கு அதுவும் ஃபெஸ்ட்தான். நல்ல செய்தியை அப்பாவிடம் தானே சொல்ல வேண்டும் என்றுதான் தர்சினி போன் எடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

டொக்டர் கொடுத்த நாளைச் சுற்றி மூன்று கிழமைக்கு லீவு எழுதினார் அண்ணை. நான் திகதி மாற்றக்கூடிய டிக்கட் போட்டேன். குழந்தை ஒன்பது நாள் முந்திப் பிறந்தது. டிக்கட்டை மாற்றினேன், அவர்களும் ஏழாம் நாளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது விழாவுக்கு என்று வந்து உட்கார்ந்தால் உடனே கையேட்டைத் திறக்காதீர்கள். கூப்பிட்டவர் யார், அவரோடு கடைசியாக எப்போது கதைத்தீர்கள் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்க மூன்று நாள் எடுத்தது.