சன்னலுக்குள் நீட்டிய கை

எனக்கு எண்பது வயசு. பெத்தது ஏழு, வளர்த்தது அஞ்சு. கொழுந்தனார் விட்டுப்போன ஒண்ணையும் சேர்த்தால் ஆறு. எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். ஆனாலும் நான் பஞ்சாயத்து மெம்பராக இருந்தவள். அதை யாரும் சொல்லக் காணோம், நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது பஞ்சாயத்தில் ஒரு பொம்பளையாவது இருக்கணும் என்று சட்டம். ஓட்டுக்கு நிற்க எங்கள் ஊரில் எந்த வூட்டிலும் எவளையும் விடவில்லை. அதனால் செயித்த ஆம்பளைகளே கூடி ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலைவர் எங்கள் வூட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உன் சம்சாரம் அடக்கமானவங்கப்பா, அவங்க பேரைப் போட்டுக்கறேன்" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் அடக்கமானவள் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

கூட்டத்துக்கு அவர்தான் போவார். பொம்பளை மெம்பர் என்றால் புருசன் போய் உட்காருவது எங்கள் பக்கத்து வழக்கம். என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு வந்த டீயைக் குடித்து, எனக்காகக் கையும் தூக்கிவிட்டு வருவார்.

"இன்னிக்கி நான் எதுக்குங்க கை தூக்கினேன்?" என்று கேட்பேன்.

"உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்பார். தலைவர் ஒரு சிகரெட் நீட்டினால் போதும், அந்தக் கை தானாக எழும்பும்.

ஒரு கோடையில் ஊருக்குக் குடிதண்ணிக் கிணறு சாங்சன் ஆனது. ஒன்றே ஒன்று. தலைவர் இருந்த மேலத்தெருவில் ஏற்கெனவே கிணறு உண்டு. கீழத்தெருவில் நாங்கள் காய்ந்த ஏரிக்குள் இறங்கி, ஊத்துத் தோண்டி, கொட்டாங்கச்சியில் மொண்டு மொண்டு குடம் நிரப்பிக்கொண்டிருந்தோம். ஊருக்கு நடுவில்தான் வெட்டணும் என்றார் தலைவர். ஊரின் நடு, அவர் மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

கூட்டத்தன்றைக்குக் காலையில் கேட்டேன், "எந்தப் பக்கம் தூக்கப் போறீங்க?"

"தலைவர் பேச்சைத் தட்ட முடியுமா?"

"தலைவர் வூட்டம்மாவா ஊத்துல மொள்றாங்க?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். ஆம்பளைகள் கூடியிருக்கும் இடத்துக்குள் நுழைவது முறையில்லை. அதனால் பஞ்சாயத்து ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்றேன்.

பென்னாகரத்திலிருந்து யூனியன் அதிகாரி வந்திருந்தார். மேலத்தெருவுக்கு என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார். எங்கள் வூட்டுக்காரர் தூக்கினார். "கீழத்தெருவுக்கு?" என்றதும் நான் சன்னல் கம்பிக்குள் முழங்கை வரைக்கும் விட்டுத் தூக்கினேன்.

அதிகாரி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "மெம்பருங்களை விட ஒரு கை கூட வருதே?"

"அது வெளியில இருக்கற கைங்க. செல்லாது" என்றார் தலைவர்.

"கை உள்ளதானுங்க இருக்குது. நான்தான் வெளியில இருக்கறேன்" என்றேன்.

கீழத்தெரு மெம்பர் ஒருத்தர் எங்கள் வூட்டுக்காரரைப் பார்த்து, "ஒரே மெம்பரு, ரெண்டு கட்சி! சோறாவது ஒரே அடுப்புலயா மாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "மெம்பர் நீங்களா, அந்தம்மாவா?"

"ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க" என்றார் இவர்.

"ஒண்ணுன்னா ஒரு கையை எறக்குங்க. இங்க இருக்கறது அந்தம்மா பேரு."

அந்தக் கை இறங்குவதற்குள் எனக்குத் தோள்பட்டை நோவெடுத்துவிட்டது. ஒரே கை வித்தியாசத்தில் கிணறு கீழத்தெருவுக்கு வந்தது.

அவர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. தண்ணிக்கு மட்டும் சொம்பை நீட்டுவார். பாறைக்கு வெடி வைத்து, நல்ல தண்ணி கண்டதும் பேச்சு வந்துவிட்டது. "நாந்தான் மல்லுக்கட்டி வாங்கியாந்தேன்" என்று சந்தையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கல்வெட்டில் தலைவர் பேரைப் பெரிசாக வெட்டினார்கள். என் பேர் "மற்றும் உறுப்பினர்கள்" என்பதற்குள் இருக்கிறது.

அடுத்த முறை இன்னும் அடக்கமான பொம்பளை வேண்டும் என்று தேடி, தலைவர் தன் ஆத்தாவையே மெம்பராக்கினார். அவங்க படுத்த படுக்கை. அவங்களுக்காகத் தலைவரே இன்னொரு கையையும் தூக்கிக்கொள்வாராம். அதற்கப்புறம் எலக்சனே வருசக்கணக்கில் நடக்கவில்லை. பஞ்சாயத்தை ஒரு ஆபீசர் பார்த்துக்கொண்டார். பழைய தலைவரும் மெம்பர்களும் அதே சன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். கிணத்துத் தண்ணியைத்தான் அந்த ஆபீசரும் குடித்தார்.

கண்ணு, இங்க வா. இதை மொதல்லருந்து சத்தமாப் படி. கிணத்தை உங்க தாத்தா கொண்டாந்தாருன்னு எங்கயாச்சும் தப்பா எழுதிட்டேனான்னு பாக்கணும்.